வயிற்றுக்கு அடங்காத அக்கா

வயிற்றை அக்கா ‘அது’ என்றுதான் சொல்வார். வீட்டுக்கு வந்து தங்கிவிட்டுக் கிளம்ப மறுக்கும் ஒரு சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். “எனக்குப் போவணும்னு ஆசைதான் கண்ணு. அதுக்குத்தான் இஷ்டமில்ல” என்பார். சொல்லிவிட்டு, அதன் பேச்சைத் துளியும் மதிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியும் விடுவார்.

மேற்கு மாம்பலத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் நெரிசலான தெரு ஒன்றில் அவர்களுடைய பாத்திரக்கடை இருந்தது. கீழே கடை, முதல் மாடியில் அவர்கள் வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடியை ஒட்டிய ஓர் அறையும் சமையற்கட்டும் எனக்கு வாடகைக்கு. நான் அப்போது தி. நகரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கல்யாணம் ஆகாதவளுக்கு வீடு தர யோசித்த அந்தத் தெருவில், ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியை என் கையில் கொடுத்தவர் அக்கா. அவருடைய கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன்.

அண்ணன் வியாபாரம் பார்ப்பார். வாங்கிய பாத்திரத்தில் பேர் வெட்டித் தருவது அக்காவின் வேலை. சொம்பை மடியில் அணைத்துக்கொண்டு, கிர்ரென்று இரையும் அந்தச் சின்ன மெஷினைப் பிடித்தாரென்றால் எழுத்தெல்லாம் ஒரே கோட்டில் வந்து உட்காரும். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாலும் சரி, பக்கத்தில் அண்டா உருண்டு விழுந்தாலும் சரி, கை அசையாது. இவ்வளவு நிதானமான மனுஷியா இவர் என்று பஸ்ஸில் போகும்போதுதான் சந்தேகம் வரும்.

பஸ் என்று இல்லை. கார், வேன், ஆட்டோ, எதில் ஏறினாலும் அக்காவுக்கு வாந்திதான். ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தை அவர் கிலோமீட்டரில் சொல்லி நான் கேட்டதில்லை. “தாம்பரமா? ஒரு கவர். செங்கல்பட்டுக்கு ரெண்டு வெச்சிக்கணும்” என்பார். அந்தத் தெருவே அவருக்கு வைத்தியம் பார்த்தது. எலுமிச்சம்பழத்தை முகரச் சொன்னார்கள், முகர்ந்தார். புளியை உருட்டி வாயில் அடக்கச் சொன்னார்கள், அடக்கினார். நியூஸ்பேப்பரை மடித்து வயிற்றோடு வைத்துப் புடவையை இறுக்கிக் கட்டச் சொன்னார் மருந்துக்கடைக்காரர் மனைவி. அதையும் செய்தார். மாத்திரை போட்டால் தூங்கிவிடுவார். தூக்கத்திலிருந்து எழுந்து வாந்தி எடுப்பார். வீட்டில் இருந்துவிடலாமே என்று யாராவது சொன்னால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

“வூட்ல இருந்தா வாந்தி வராது, தெரியும். அதுக்காக வூட்லயே இருக்கறதா? அது ஜெயிச்சிடும்ல.”

இதில் அண்ணனுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அவர் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து, குலுங்கக் குலுங்க முறுக்கு தின்பவர். “எனக்கு இரும்பு வயிறு. பாத்திரக்காரன் வயிறு” என்று தட்டிக் காட்டுவார். அக்கா கவருக்குள் தலையைக் கவிழ்த்திருக்கும்போதுதான் இதைச் சொல்வார் என்பது கூடுதல் விசேஷம்.

இதெல்லாம் சிரிப்பாகப் போயிருக்கும், அவர்களுடைய ஒரே மகள் வால்பாறைக்கு வாழ்க்கைப்பட்டுப் போகாமல் இருந்திருந்தால்.

மருமகனுக்கு அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மகள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மலை மேலே சின்னதாக ஒரு வீடு கட்டினார்கள். பால் காய்ச்சும் நாளுக்கு அக்காவும் அண்ணனும் பொள்ளாச்சி வரை ரயிலும் பஸ்ஸுமாகப் போய், அங்கிருந்து ஒரு வாடகைக் காரில் ஏறினார்கள். ஆழியாறு தாண்டி மலை ஏறும் அந்தச் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் அக்காவால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சாலையோரத்தில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். கண் செருகிக் கிடப்பதைப் பார்த்துப் பயந்துபோன அண்ணன், வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். போனில் விஷயம் தெரிந்த மகள், அவர்களை அங்கேயே இருக்கச் சொல்லி, காய்ச்சிய பாலை ஃப்ளாஸ்கில் ஊற்றிக்கொண்டு ஜீப்பில் இறங்கி வந்தாள். அந்த வளைவின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அக்கா அந்தப் பாலைக் குடித்தார்.

“பரவால்லமா, நீ ஏன் கஷ்டப்படற? இனிமே நானே வரேன்” என்று சொல்லி அனுப்பினாளாம் மகள். நல்ல பெண். சொன்னபடியே வந்தாள். லீவு கிடைக்கும்போதெல்லாம் வந்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அம்மாவை அங்கே வரச் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்தக் கூப்பிடாத கரிசனம்தான் அக்காவைப் போட்டு வாட்டியது. ஒவ்வொரு முறை மகள் திரும்பிப் போகும்போதும் ஏதாவது ஒரு பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுத்தனுப்புவார். ஒருநாள் மெஷினைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “என் கை பட்ட சொம்பு, தட்டு, கரண்டி எல்லாம் அந்த வூட்டப் பாத்துட்சி கண்ணு. நான்தான் பாக்கல.”

நான் கீழே இருந்த மெஷினை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

காஞ்சிபுரத்தில் நடந்த ஒரு கல்யாணம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. தெருக்காரர்கள் எல்லோரும் ஒரு பஸ் பிடித்துப் போனோம். கடை வேனை ஓட்டும் டிரைவரும் அன்று பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு விருந்தாளியாக வந்திருந்தார். அக்காவுக்கு முன்சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அக்கா வழக்கம்போல கவரைப் பிரித்தார். அதற்குள் முன்னால் இருந்த டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். அக்கா தன் வேலையை மறந்து அவரையே பார்த்தார்.

“இன்னாப்பா, நாளெல்லாம் வண்டில இருக்கற ஆளு. உனக்கு இன்னா?”

டிரைவர் வெட்கப்பட்டுக்கொண்டே வாயைத் துடைத்தார். “ஓட்டும்போது வராதுக்கா. சும்மா உக்காந்துக்கினு போனா வந்துடும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்.”

அதற்குப் பிறகு காஞ்சிபுரம் வரை அக்கா எடுத்த வாந்தியில் ஒரு கவனமே இல்லை. யோசனையோடு எடுத்தார். சாப்பாட்டுப் பந்தியில் என் இலைப் பக்கம் சாய்ந்து, “டிரைவிங் ஸ்கூல்ல பொம்பளைங்களுக்கு எத்தனை மணிக்குச் சொல்லித் தராங்கனு விசாரி” என்றார். அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

என்னிடம் ஏன் விசாரிக்கச் சொன்னார் என்றால், அந்தக் கட்டடத்தில் லைசென்ஸ் வைத்திருந்தது நான் ஒருத்திதான். அப்பா வற்புறுத்தியதால் எடுத்தது. எட்டுப் போட்டுக் காட்டி வாங்கிய நாளோடு சரி, ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஆனாலும் அண்ணன் பார்வையில் நான் ஒரு வண்டிக்காரி. டிரைவிங் ஸ்கூலில் கற்றதைக் கடை வேனில் பழக அக்கா போகும்போதெல்லாம் என்னையும் ஏற்றிவிடுவார். நானும் பாதுகாப்புக்கு வந்த அதிகாரி மாதிரி பக்கத்து சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருப்பேன். உள்ளுக்குள் உதறல்.

முதல் நாளிலேயே ஒன்று தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அந்த அரை மணி நேரத்தில் அக்காவுக்கு ஓர் ஏப்பம்கூட வரவில்லை. இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “சத்தமே இல்ல கண்ணு. அது தூங்குது” என்றார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். பரீட்சையில் மாநிலத்தில் முதலாவதாக வந்த பெண்ணின் முகம். மற்ற நாளில் ஆட்டோவில் ஏறினால் பழைய கதைதான், இன்று வரைக்கும் அதில் மாற்றமில்லை. ஓட்டும்போது மட்டும் அவர் வேறு ஆள்.

மாம்பலத்தில் மலைக்கு எங்கே போவது? இருக்கிற ஒரே மேடு துரைசாமி சப்வேயிலிருந்து ஏறும் இடம். அங்கேதான் அக்கா மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கப் பழகினார். விடியற்காலையில் போனால் காலியாக இருக்கும். ஒருநாள் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பாதி மேட்டில் வண்டி நின்றுபோனது. பின்னால் ஆட்டோ, மாநகரப் பேருந்து, பால்வண்டி, எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன. அக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு, ஜன்னலில் தலையை நீட்டினார்.

“இன்னா நைனா அவசரம்? கத்துக்கினு கீறேன்ல? நீ பொறக்கும்போதே ஓட்டிக்கினா வந்த?”

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். இறங்கி வந்து, பின்னால் இருந்த வண்டிகளைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி இடம் பிடித்துக் கொடுத்தார். அக்கா நிதானமாக எடுத்துப் போனார். பேர் வெட்டும் அதே நிதானம்.

வளைவுகளுக்கு அவர் கண்டுபிடித்த இடம் கத்திப்பாரா மேம்பாலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் சுற்றுப்பாதைகளில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறுவோம். கிண்டியிலிருந்து வந்து பூந்தமல்லிப் பக்கம் திரும்பி, பாதியில் மனம் மாறியதுபோல விமான நிலையப் பக்கம் இறங்கி, யூ டர்ன் போட்டுத் திரும்ப வருவோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த போக்குவரத்துக் காவலர் ஒருநாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஏம்மா, எந்த ஏரியாவுக்குப் போவணும்? வழி தெரியாம சுத்திக்கினே கீறீங்களே.”

“வழி தெரியும் சார். மலைக்குப் போவணும், அதான் திருப்பிப் பழகறேன்” என்றார் அக்கா. அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பாத்து ஓட்டுங்க” என்று அனுப்பிவிட்டார். அன்று பின்சீட்டில் இருந்த அண்ணன் வழியெல்லாம் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் காலையில் தின்ற வடையைக் குறை சொன்னார்.

மகளுக்கு இது எதுவும் தெரியாது. தெரியக் கூடாது என்று அக்கா எங்கள் இருவரிடமும் உறுதி வாங்கியிருந்தார். தெரிந்தால் வேண்டாம் என்பாள், அல்லது மறுபடி ஃப்ளாஸ்கோடு பாதி வழிக்கு இறங்கி வந்து நிற்பாள். “இந்த தடவ அவ வந்து என்னப் பாக்கக் கூடாது. நான் போய் அவளப் பாக்கணும்” என்றார். லைசென்ஸ் கையில் வந்த வாரம், அண்ணனை விட்டு மகளுக்கு போன் போடச் சொன்னார். அப்பா மட்டும் வேனில் வருகிறார், கூட டிரைவர் இருக்கிறார், அண்டாவும் குண்டாவும் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இதுதான் மகளுக்குச் சொன்ன செய்தி. கூர்ந்து பார்த்தால் அதில் பொய் அதிகமில்லை.

அண்ணன் நேராகத் திருச்சி நெடுஞ்சாலையில் போகலாம் என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “அந்த ரோட்ல லாரி பஸ்ஸெல்லாம் தொரத்திக்கினே வரும். கடலோரமா போலாம். ஒரு பக்கமாவது எவனும் வர மாட்டான்.”

இப்படித்தான் நாங்கள் மலைக்குப் போவதற்குக் கடற்கரை வழியாகக் கிளம்பினோம். அடையாறு, திருவான்மியூர் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தபோது வெயில் ஏறவில்லை. முட்டுக்காட்டுப் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் பளபளத்தது. அக்கா பார்வையைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. “எப்படிக் கீதுன்னு நீ சொல்லு. நான் ரோட்டப் பாக்கறேன்” என்றார். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். நான் சொல்லுவதில் ஆசை மிஞ்சிவிட்டால், ஓரமாக இடம் பார்த்து வண்டியை ஒழுங்காக நிறுத்தி, இறங்கி நின்று ஆசை தீரப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

மரக்காணத்தில் உப்பளங்களைப் பார்த்து அப்படித்தான் நின்றோம். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள், அதற்கு அப்பால் நீலமாகக் காயல். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“பாண்டிச்சேரிக்கு எத்தினியோ தடவ போயிருக்கேன். இதெல்லாம் இந்த வழிலயா இருந்துச்சி? நான் கவருக்குள்ள தலைய வுட்டுக்கினு போய்ட்டேன் போல.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுஷி தன் ஊரிலிருந்து இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஒன்றை முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து பார்க்கிறாள் என்று நினைத்தபோது, அவர் பக்கத்தில் நிற்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. கடலூர், தரங்கம்பாடி, காரைக்கால் என்று கடல் விட்டு விட்டுக் கூடவே வந்தது. நாகப்பட்டினத்தில் தங்கினோம். லாட்ஜ்காரர் அண்ணனிடம் சாவியைக் கொடுத்து, டிரைவர் படுக்கத் தனி இடம் இருக்கிறது என்றார். “டிரைவர் என்கூடத்தான் படுப்பாங்க” என்று சொல்லிவிட்டு அண்ணன் மேலே ஏறினார். அந்த லாட்ஜ்காரர் எங்களை மறந்திருக்க மாட்டார்.

அங்கிருந்து உள்நாட்டுக்குத் திரும்பி, தஞ்சாவூர், திண்டுக்கல் என்று ஓட்டி, பழனியில் இன்னோர் இரவைக் கழித்துவிட்டு, மறுநாள் காலை ஆழியாற்றுக்கு வந்தோம். அணைக்கு மேலே மலை நின்றது. அதுவரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்த அக்கா வாயை மூடிக்கொண்டார். செக்போஸ்டில் குரங்குகள் வேனைச் சுற்றி வந்தன. அண்ணன் பின்னால் அண்டாவுக்குப் பக்கத்தில் சாய்ந்து, முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்தார்.

முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவது வளைவில் மேலிருந்து ஒரு பஸ் இறங்கியது. அக்கா மேட்டிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தினார். பஸ் எங்களை உரசுவதுபோல வந்து, உரசாமல் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுவதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்தபோது வண்டி நான்காவது வளைவில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் முறுக்குச் சத்தம் நின்றுபோயிருந்தது.

“ஏம்மே, கொஞ்சம் ஓரங்கட்டு” என்றார் அண்ணன். குரலே சரியில்லை.

அக்கா ஓரங்கட்டுவதற்குள் இரும்பு வயிறு கைவிட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் அண்ணன் கணக்குத் தீர்த்துக்கொண்டு வந்தார். நானும் வெளுத்துப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா மட்டும் தெளிவாக இருந்தார். கவர்களை எங்கள் இருவருக்கும் எண்ணி முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தினார். அந்தக் கைப்பிடிச் சுவர் அப்படியே இருந்தது. கீழே அணைத் தண்ணீர், அதற்கப்பால் தென்னந்தோப்புகள், தூரத்தில் புகைபோல ஊர்கள். அண்ணன் இறங்கி அந்தச் சுவரில் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். அக்கா அவர் முதுகைத் தேய்த்துவிட்டார்.

“திரும்பிடலாம்மே. என்னால முடியாது” என்றார் அண்ணன்.

இன்னும் முப்பத்தொரு வளைவுகள் இருந்தன. ஒரு நிமிஷம் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அக்கா மலையை நிமிர்ந்து பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார். கேலி ஒன்றும் செய்யவில்லை. எத்தனை வருஷ முறுக்குக்கு பதில் சொல்ல வாய்த்த நேரம் அது. செய்யவில்லை.

“அன்னிக்கு எனக்காக நீ வண்டியத் திருப்பின. பயந்து போய்த் திருப்பின, தப்பில்ல. இன்னிக்கு அப்படிச் சொல்லாத. நீ பின்னாடி படுத்துக்க. கண்ண மூடிக்க. நான் கீறேன்ல? கொண்டுபோய்ச் சேத்துடறேன்.”

அண்ணன் சின்னப் பிள்ளைபோல எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அக்கா ஓட்டிய விதத்தை நான் யாரிடம் சொன்னாலும் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். வளைவுக்கு முன்னால் ஒரு ஹாரன், கியர் குறைப்பு, முழு வட்டமாக ஸ்டியரிங், நேரானதும் ஒரு மூச்சு. மரங்கள் அடர்ந்தன, குளிர் வந்தது, வரையாடு ஒன்று பாறையில் நின்று எங்களைப் பார்த்தது. பிறகு மலைச்சரிவு முழுக்கப் பச்சையாகத் தேயிலை விரிந்தது. “எப்படிக் கீது?” என்றார் அக்கா, சாலையைப் பார்த்தபடி. “ரொம்ப அழகா இருக்குக்கா” என்றேன். “போவட்டும். இதத் திரும்பி வரும்போது பாத்துக்கலாம்” என்றார். அந்த ஒரு இடத்தில்தான் அவர் நிறுத்தவில்லை.

ஊரைத் தாண்டி வழி கேட்டு, ஒரு குறுகலான ஏற்றத்தில் ஏறி, நீலச் சுண்ணாம்பு அடித்த சின்ன வீட்டின் முன்னால் நின்றோம். மரக் கேட் பாதி சாத்தியிருந்தது. ஹாரன் கேட்டு மகள் ஓடி வந்தாள். முன்கண்ணாடியில் வெயில் பட்டு அவளுக்குக் கண் கூசியது; ஓட்டுவது யார் என்று தெரியவில்லை. என் பக்கம் வந்தவள், “நீங்களும் வந்தீங்களாக்கா?” என்று கையைப் பிடித்தாள். நான் அக்காவை மறைத்துச் சாய்ந்து, தலையை மட்டும் ஆட்டினேன். அவள் பக்கவாட்டுக் கதவைத் தள்ளித் திறந்தாள். அண்டாவுக்கும் குண்டாவுக்கும் நடுவில் அண்ணன் சுருண்டு கிடந்தார்.

“அப்பா, உனக்கு இன்னாப்பா ஆச்சி?”

அண்ணன் பேசும் நிலையில் இல்லை. அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவள், தலையைத் தூக்காமலே முன்பக்கமாகக் குரல் கொடுத்தாள். “டிரைவரண்ணே, கொஞ்சம் எறங்கி வாங்க. எங்கப்பாவ உள்ள கூட்டிக்கினு போவணும்.”

“அவர் படுத்துக்கினு இருக்கட்டும். நீ போய் கேட்ட நல்லாத் தொற. வண்டி வூட்டுக்குள்ள வரணும்” என்றார் அக்கா.

மகளின் கை அப்பாவின் நெற்றியிலேயே நின்றது. மெதுவாக எழுந்து, வேனைச் சுற்றி முன்னால் போய், கண்ணாடியில் கையை வைத்து வெயிலை மறைத்து உள்ளே பார்த்தாள். பிறகு கேட்டுக்கு ஓடினாள். கீழ்த் தாழ்ப்பாள் மண்ணில் சிக்கிக்கொண்டது. கண்ணைத் துடைப்பதும் தாழ்ப்பாளை இழுப்பதுமாக அவள் போராடினாள். நான் உதவிக்கு இறங்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“அவளே தொறக்கட்டும்” என்றார்.